அளத்தில் இறங்குமுன்

மாப்பிள்ளை என்று நான் கூப்பிடும் என் அக்காள் மகன் வருகிற தையில் வேதாரண்யத்தை அடுத்த அகஸ்தியம்பள்ளியில் ஐந்து ஏக்கர் உப்பளம் குத்தகைக்கு எடுக்கிறான். அவன் பெண்சாதியும் இரண்டு கூட்டாளிகளும் கூடவே இறங்குகிறார்கள். நால்வரில் ஒருவரும் இதற்கு முன் வாருபலகை பிடித்ததில்லை. "மாமா, ஒரு பருவம் கூட நின்னு சொல்லிக் கொடுங்க" என்று கேட்டான். எனக்கும் ஆசைதான். ஆனால் இரண்டு கண்ணிலும் புரை எடுத்தாயிற்று. வெயிலில் நிற்கக் கூடாதென்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். ஆகவே எழுதித் தருகிறேன். நாற்பத்தொரு வருடம் அந்தச் சேற்றில் நின்றவன் எழுதுவது.

படித்துக்கொண்டு வரும்போது பாதி உப்பும் பாதி பறவையுமாக இருக்கிறதே என்று தோன்றும். எனக்கு இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரியாது. ஏன் என்பது மூன்றாவதிலேயே வந்துவிடும்.

1. முதலில் கணக்கு. ஒரு லிட்டர் கடல் தண்ணீரில் எல்லா உப்புகளும் சேர்ந்து சுமார் 35 கிராம் இருக்கும். அதில் நாம் சாப்பிடும் உப்பு 27 கிராம். மற்றவை சுண்ணாம்பு, ஜிப்சம், மெக்னீசியம் என்று பல வகை. எல்லாம் ஒரே நேரத்தில் தண்ணீரை விட்டு இறங்காது, ஒவ்வொன்றுக்கும் ஒரு முறை இருக்கிறது. தண்ணீரின் உப்புச் செறிவை அளக்கும் டிகிரிக் குழாயை மிதக்கவிட்டால் கடல் தண்ணீர் 3 காட்டும். வெயில் ஏற ஏற முதலில் சுண்ணாம்பு படியும். 13 வாக்கில் ஜிப்சம் தொடங்கும். 25-இல் உப்பு மலரும். 29 தாண்டினால் மெக்னீசியத்தின் கசப்பு உப்போடு ஏறிவிடும். நம் பிழைப்பு முழுவதும் 25-க்கும் 29-க்கும் நடுவில் இருக்கிற அந்த நாலு டிகிரியில் இருக்கிறது.

பத்துக் குடம் கடல் தண்ணீர் ஒரு குடமாகச் சுண்டினால்தான் 25 வரும். ஆகவே அளத்தின் பெரும்பகுதி தண்ணீரைக் காயவைப்பதற்கே போய்விடும். உப்பு விளையும் பாத்தி சின்னதாகத்தான் இருக்கும். புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் செய்கிற தப்பு, "இவ்வளவு இடம் சும்மா கிடக்குதே" என்று உப்புப் பாத்தியைப் பெரிதாக்குவது. பெரிதாக்கினால் ஊற்றுவதற்கு முற்றிய தண்ணீர் கிடைக்காது. பாத்தி வெறும் பாத்தியாக வெடித்துக் கிடக்கும். சும்மா கிடக்கிற மாதிரித் தெரியும் அந்த இடம்தான் உங்களுக்குச் சோறு போடும்.

2. மழை நின்றதும் பாத்தியில் நிற்கும் மழைத் தண்ணீரை வடித்துவிட்டு, மேல் சேற்றை வழித்து வரப்பில் போடுங்கள். பிறகு மிதிக்க வேண்டும். காலால்தான் மிதிக்க வேண்டும். குதிகாலை ஊன்றி, பாதத்தின் வெளி ஓரத்தால் அழுத்தி, அடிமேல் அடி வைத்து, ஒரு சாண் இடம்கூட விடாமல் மிதியுங்கள். ஒரு சுற்று முடித்து அரைக் காய்ச்சல் காயவிட்டு மறு சுற்று. குறைந்தது மூன்று சுற்று வேண்டும். போதுமா என்று பார்க்கக் கட்டைவிரலை அழுத்திப் பாருங்கள். நகம் பதிய வேண்டும், விரல் இறங்கக் கூடாது. விரல் இறங்கினால் அந்தப் பாத்தி தண்ணீரைக் குடிக்கும், வாரும்போது பலகையோடு சேறும் வரும். அழுக்கு உப்புக்கு வியாபாரி சொல்லும் விலையைக் கேட்டால் ஏன் மிதிக்காமல் விட்டோம் என்று அழுகை வரும்.

3. இதுதான் நான் எழுத உட்கார்ந்ததற்கே காரணம். நிதானமாகப் படியுங்கள்.

வெயிலும் காற்றும் உப்பைச் செய்கின்றன என்று எல்லாரும் சொல்வார்கள். நானும் பதினைந்து வருடம் அப்படித்தான் நினைத்திருந்தேன். தண்ணீருக்குள் இருக்கிற உயிர்களும் சேர்ந்துதான் செய்கின்றன. இதை எனக்குப் புரியவைத்தவர்கள் கோடியக்கரைக்குப் பறவைக்கு வளையம் போட வந்த பிள்ளைகள். என் அளத்து வரப்பில் உட்கார்ந்து தேநீர் குடிக்கும்போது ஒரு கண்ணாடிக் குவளையில் தண்ணீரை மொண்டு காட்டினார்கள். அன்றைக்குப் பார்த்ததை அப்படியே சொல்கிறேன்.

கடல் தண்ணீர் முதலில் வந்து நிற்கும் தேக்கத்தில், தூத்துக்குடிப் பக்கம் தெப்பம் என்பார்களே அதில், மீனும் இறாலும் இருக்கும். மடவைக் குஞ்சு வரும், பால்கெண்டை வரும். அங்கே கூழைக்கடாவும் கரண்டிவாயனும் நிற்கும். தரையில் பச்சையும் பழுப்புமாக ஒரு பாசிப் பாய் படர்ந்திருக்கும். அதை அழுக்கு என்று சுரண்டி எறிந்துவிடாதீர்கள். அந்தப் பாய் களிமண்ணின் கண்ணை அடைத்துத் தண்ணீர் கீழே இறங்காமல் பிடித்து வைக்கிறது. நீங்கள் மூன்று சுற்று மிதித்தாலும் விட்டுப்போகிற ஓட்டையை அது மூடும்.

அடுத்தடுத்த பாத்திகளில் டிகிரி ஏறும். 10-க்கு மேல் போனால் மீனுக்கு அங்கே வாழ்வில்லை. மீன் இல்லாத இடத்தில்தான் நாங்கள் வெறுமனே பூச்சி என்று சொல்லி வந்த ஆர்ட்டீமியா பெருகும். ஒரு சென்டிமீட்டர் நீளம், கண்ணாடி போன்ற உடம்பு, கறுப்புப் பொட்டாக இரண்டு கண். மல்லாந்து நீந்தும், வரிசையாக இருக்கிற கால்கள் இறகுபோல் ஓயாமல் அலையும். குவளையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் வயிற்றுக்குள் ஓடும் பச்சைக் கோடு தெரியும். அது தின்ற பாசி. தண்ணீரில் மிதக்கும் நுண்பாசியை அது வடிகட்டித் தின்றுகொண்டே இருக்கிறது. அப்படித் தின்னாவிட்டால் பாசி பெருகித் தண்ணீர் கொழகொழத்துப் போகும். கொழகொழத்த தண்ணீரில் உப்பு பொடிப்பொடியாகப் பூக்கும், மணி பிடிக்காது. பூச்சி நன்றாக இருக்கும் வருடத்தில் தண்ணீர் தெளிந்திருக்கும். உப்பு கல் கல்லாக வரும்.

அந்தப் பூச்சியைத் தேடித்தான் பூநாரை வருகிறது. பவளக்கால் உள்ளானும் அதற்குத்தான் வருகிறது. பூநாரையின் செந்நிறம் பாசியிலிருந்து பூச்சிக்கும் பூச்சியிலிருந்து பறவைக்கும் போகிற சாயம்.

இப்போது தொழிலுக்கு வருகிறேன். காலையில் அளத்துக்குப் போனதும் குழாயை எடுக்குமுன் பறவை எந்தப் பாத்தியில் நிற்கிறது என்று பாருங்கள். கூழைக்கடா நிற்கும் பாத்தி இன்னும் இளசு. உள்ளானும் பூநாரையும் இறங்கியிருந்தால் பூச்சி பிடித்திருக்கிறது, டிகிரி பத்தைத் தாண்டியிருக்கிறது. வழக்கமாக இறங்கும் பாத்தியில் ஒரு வாரமாக ஒன்றும் இறங்கவில்லையென்றால் அங்கே ஏதோ கெட்டிருக்கிறது. மடை அடைத்திருக்கும், மழைத் தண்ணீர் கலந்திருக்கும், அல்லது யாராவது எதையாவது கொட்டியிருப்பார்கள். குழாய் டிகிரியைத்தான் சொல்லும், கெட்டதைச் சொல்லாது. பறவை சொல்லிவிடும்.

4. சித்திரை வைகாசியில் கடைசிப் பாத்திகளின் தண்ணீர் சிவக்கும். முதல் தடவை பார்த்தால் பயம் வரும், ரத்தம் கலந்த மாதிரி இருக்கும். வடித்துவிடாதீர்கள். அந்த உப்பில் மட்டுமே வாழக்கூடிய நுண்ணுயிர்களின் நிறம் அது. சிவந்த தண்ணீர் வெயிலை அதிகமாக வாங்கிச் சீக்கிரம் சூடேறும், சீக்கிரம் சுண்டும். உப்பு என்னவோ வெள்ளையாகத்தான் விழும்.

5. பங்குனி முதல் ஆனி வரை வரப்பில் பார்த்து நடங்கள்.

உப்புக்கொத்தி என்று ஒரு குருவி. சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் பெரிது; மணல் நிற முதுகு, வெள்ளை வயிறு. வரப்பில் குடுகுடுவென்று ஓடும், சட்டென்று நிற்கும், மறுபடி ஓடும். நம் தொழிலின் பேரையே தன் பேரில் வைத்திருக்கிற பறவை. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் முட்டையிடும் இந்த வகையை 2023-இல் ஆராய்ச்சியாளர்கள் தனி இனம் என்று பிரித்து அனுமன் பெயரில் வழங்குகிறார்கள். எங்கிருந்தோ வந்து போகிற விருந்தாளி என்று நினைத்துவிடாதீர்கள், இது நம் ஊர்க் குருவி.

அது கூடு கட்டாது. வரப்பில் ஒரு குளம்படி அளவு பள்ளம், நாலு கிளிஞ்சல் துண்டு, அவ்வளவுதான். அதில் மூன்று முட்டை இருக்கும். காய்ந்த சேற்றின் நிறத்தில் கறுப்புக் கிறுக்கல். குனிந்து பார்த்தாலும் கண்ணுக்குப் படாது. நான் மூன்றாம் வருடம் வரப்புக்கு மண் அணைத்தபோது காலடியில் மெல்லிய நொறுங்கல் கேட்டது. கிளிஞ்சல் என்று நினைத்தேன். காலைத் தூக்கினால் மஞ்சள் கரு. தாய்க்குருவி பத்தடி தள்ளி இறக்கை ஒடிந்ததுபோல் தரையில் இழுத்துக்கொண்டு கத்தியது. என்னைத் தன் பின்னால் இழுத்துப்போவதற்காக அந்த நடிப்பு. முட்டை உடைந்த பிறகும் அது நெடுநேரம் அப்படியே இழுத்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு எனக்குக் கஞ்சி இறங்கவில்லை.

பிறகு ஒரு வழக்கம் வைத்தேன். குருவி அப்படி இறக்கையை இழுத்தால் அதன் பின்னால் போகாமல் நின்ற இடத்திலேயே நின்று சுற்றிலும் பார்ப்பேன். முட்டை தெரிந்ததும் இரண்டு அடி தள்ளி ஒரு குச்சி நட்டு சிவப்புத் துணி கட்டுவேன். கிட்டத்தட்ட 25 நாள் அந்த இடத்தில் மண்வெட்டி விழாது, உப்பும் குவிக்க மாட்டோம். குஞ்சு பொரிந்த அன்றே ஓடிவிடும், துணியை அவிழ்த்துவிடலாம். 25 நாள் ஒரு முழம் வரப்பை விட்டுக்கொடுத்து எந்த அளமும் நொடித்ததில்லை.

பவளக்கால் உள்ளானும் தாழ்ந்த வரப்பிலும் திட்டிலும் நாலு முட்டை இடும். உச்சிவெயிலில் அதை ஒரு தடவை பாருங்கள். முட்டையை விட்டு எழுந்து தண்ணீருக்குப் போய், நீண்ட சிவந்த காலை மடக்கி, வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் உட்காரும். சூடு தாங்காமல் முட்டை வெந்துவிடாமல் இருக்க ஈரம் கொண்டு வருகிறது. அந்த நேரத்தில் நீங்கள் பக்கத்தில் நின்றால் அது திரும்பி வராது. கால் மணி நேரத்தில் முட்டை வீணாகிவிடும். நடுப்பகலில் அந்த வரப்புப் பக்கம் வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்கும் அது நல்லது.

அளத்துக்கு நாயைக் கூட்டி வராதீர்கள்.

6. வாருகிற பக்குவம். தண்ணீர் மேல் ஏடு கட்டும். பால் ஆடை மாதிரி மெல்லியதாக, வெள்ளையாக. அதைக் கலைத்துவிட்டால் கீழே இறங்கி மணி பிடிக்கும். கலைக்காமல் விட்டால் அடியில் பாறைபோல் இறுகிவிடும். வாரும்போது பலகையைச் சாய்த்துப் பிடித்து, அடிக்களியைத் தொடாமல், ஒரு விரற்கடை உப்பை அடியிலேயே விட்டு வாருங்கள். ஆசைப்பட்டு அதையும் வழித்தால் சேறு வரும். விடிவதற்கு முன் இறங்கி, வெயில் ஏறுமுன் கரை ஏறிவிடுங்கள். வாரிய உப்பை வரப்பில் குவித்து ஒரு இரவாவது தண்ணீர் வடியவிட்டு, பிறகுதான் மேட்டுக்குச் சுமக்க வேண்டும். மேட்டில் குவிக்கும் அம்பாரத்துக்குக் கீற்று வேய்வதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

7. 29 காட்டியதும் மிஞ்சிய தண்ணீரை வடித்துவிட வேண்டும். அதுதான் நஞ்சுத் தண்ணீர். நாக்கில் ஒரு சொட்டு வைத்தால் கசப்பு நாள் முழுக்கப் போகாது. அதை விடாமல் வைத்துக்கொண்டு இன்னும் நாலு மூட்டை தேற்றலாம் என்று ஒரு வருடம் நான் பார்த்தேன். உப்பு தேறியது. ஆனால் அம்பாரத்தில் இரண்டு நாள் கிடந்ததும் கசிந்து சொதசொதவென்றாகிவிட்டது. மெக்னீசியம் காற்றின் ஈரத்தை இழுக்கும். மொத்தமும் போச்சு.

அதைவிடப் பெரிய தப்பு அடுத்தது. கோபத்தில் அந்த நஞ்சுத் தண்ணீரை ஒரே நாளில் ஓடைக்குத் திறந்துவிட்டேன். வற்றுகிற நேரம், ஓடையில் முழங்கால் தண்ணீர்கூட இல்லை. மறுநாள் காலை ஓடை ஓரம் முழுக்க மடவைக் குஞ்சு வெள்ளி வெள்ளியாகச் செத்துக் கிடந்தது. ஓடையில் கைவலை வீசிப் பிழைக்கிற ஒரு பெரியம்மா என் வீட்டு வாசலில் வந்து நின்று, திட்டாமல், செத்த குஞ்சை ஒரு கை அள்ளித் திண்ணையில் வைத்துவிட்டுப் போனார்கள். முப்பது வருடம் ஆகப்போகிறது.

நஞ்சுத் தண்ணீருக்கென்று ஒரு பாத்தி ஒதுக்குங்கள். அதில் தேக்கி, ஓதம் ஏறி ஓடை நிறைந்திருக்கும் நேரம் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பல நாளில் விடுங்கள். ஒரு பாத்தி இடம் குறைகிறதே என்று மாப்பிள்ளை சொல்வான். குறையட்டும்.

8. உடம்பு. கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி, காலுக்கு ரப்பர் பூட்ஸ், தலைக்குத் துண்டு. மிதிக்கிற வேலைக்கு மட்டும் பூட்ஸைக் கழற்றுங்கள், முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவித் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். காலில் வெடிப்போ சிறு கீறலோ இருந்தால் அன்றைக்குச் சேற்றில் இறங்கக் கூடாது; உப்பு ஏறிய புண் ஆறாது. வெள்ளை உப்பில் பட்டுத் தெறிக்கும் வெயில் மேலே இருந்து வரும் வெயிலைவிடக் கண்ணுக்குக் கொடியது. எங்கள் காலத்தில் கண்ணாடி போட்டால் "துரை வந்துட்டாரு" என்று கிண்டல் செய்வார்கள். அந்தக் கிண்டலுக்குப் பயந்த என் வயதுக்காரர்களில் பலருக்குப் பார்வை போய்விட்டது. குடிக்கிற தண்ணீரை நிழலில் வைத்து மணிக்கொரு தரம் குடியுங்கள். அளத்தில் நல்ல தண்ணீர் கிடையாது, வீட்டிலிருந்து சுமந்துதான் போக வேண்டும். பெண்கள் ஒதுங்க மறைவிடம் ஒன்று முதல் வாரத்திலேயே கட்டுங்கள். அது இல்லாததால் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமலே வேலை செய்து சிறுநீரகத்தைக் கெடுத்துக்கொண்ட பெண்களை எனக்குத் தெரியும்.

9. கூலிக்கு ஆள் வைத்தால் கூடை சுமக்கிற பெண்ணுக்கும் பலகை பிடிக்கிற ஆணுக்கும் ஒரே கூலி கொடுங்கள். தொழிலாளர் நல வாரியத்தில் எல்லாரும் பதிவு செய்யுங்கள். மழைக்காலத்தில் அரசு தருகிற 5,000 ரூபாய் நிவாரணத்துக்கு அந்த அட்டை வேண்டும். வியாபாரி எடை போடும்போது நீங்களும் கையில் ஒரு நோட்டு வைத்துக்கொண்டு பக்கத்தில் நில்லுங்கள். எனக்கு நோட்டு இல்லாததால் ஒரு பருவத்தில் ஒரு லாரி உப்புக்கே கணக்கு மறைந்துபோனது.

10. காற்று. கச்சான் அடித்தால் கொண்டாட்டம். காய்ந்த மேல்காற்று, ஒரு நாளில் இரண்டு நாள் வேலை ஆகும். கொண்டல் ஈரக் காற்று. பாத்தி அப்படியே நிற்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

11. கோடையில் எதிர்பாராமல் மழை பெய்தால் பதறிப்போய் பாத்தியைக் கலக்காதீர்கள். மழைத் தண்ணீர் இலேசு. முற்றிய தண்ணீர் கனம், அடியில் கிடக்கும். காற்றடித்து இரண்டும் கலக்குமுன் மடைவாயை மேலாக மட்டும் வெட்டி, மிதக்கிற நல்ல தண்ணீரை வழியவிடுங்கள். இருட்டிலும் இடியிலும் செய்யவேண்டி வரும். என் அப்பா மழை விழும் சத்தத்துக்கு எழுந்திருக்க மாட்டார், மழைக்கு முன்னால் வருகிற மண் வாசனைக்கே எழுந்துவிடுவார்.

12. வரப்பின் வெளிப்புறம் உமரி முளைக்கும். சதைப்பற்றாக, பச்சையும் சிவப்புமாக. அதைப் பிடுங்காதீர்கள். அதன் வேர் வரப்பைப் பிடிக்கும், அதன் நிழலில் குஞ்சு ஒளியும். இளந்தளிரைக் கீரையாகச் சமைக்கலாம், உப்புப் போட வேண்டாம். சீமைக்கருவேலம் முளைத்தால் மட்டும் விரல் கனமாகுமுன் வேரோடு பிடுங்குங்கள். இந்தச் சதுப்பையும் கோடியக்காட்டில் வெளிமான் மேயும் புல்வெளியையும் அது கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கிக்கொண்டிருக்கிறது.

13. ஐப்பசி தொடங்கி நீங்கள் வேலையில்லாமல் இருக்கும்போதுதான் வெளிநாட்டுப் பறவைகள் வந்து இறங்கும். அப்போதும் அளத்தை எட்டிப் பாருங்கள். கொசு உள்ளான் என்று ஒன்று, உள்ளங்கையில் அடங்கும். எடை 25 கிராம் இருக்கலாம். ஒரு லிட்டர் கடல் தண்ணீரில் இருக்கிற உப்பைவிடக் குறைவு. வட துருவத்தை ஒட்டிய பனிக்கரையில் பொரிந்த குஞ்சு, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து நம் பாத்திச் சேற்றில் வந்து கொத்துகிறது. மாசி பங்குனியில் கொழுத்துத் திரும்பிப் போகும். இங்கே வயிறு நிரம்பாவிட்டால் வழியிலேயே விழும்.

அப்படி விழுந்த ஒன்றைப் பார்த்தால் காலைப் பாருங்கள். கோடியக்கரையில் பல பத்து வருடங்களாகப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பறவைக் காலில் வளையம் போட்டு வருகிறார்கள். பறவை அறிஞர் சாலிம் அலி இந்தக் கரையை அவ்வளவு விரும்பினார். செத்த பறவையின் காலில் வளையம் இருந்தால் அதிலுள்ள எண்ணை அப்படியே எழுதி, நாளும் இடமும் சேர்த்து வனத்துறையிடம் கொடுங்கள். உயிரோடு இருக்கும் பறவையின் வளையத்தைத் தொடாதீர்கள். யாராவது கண்ணி வைக்க இடம் கேட்டு வந்தால், எவ்வளவு பணம் சொன்னாலும், உங்கள் வரப்பில் கால் வைக்க விடாதீர்கள். உறவுக்காரனாக இருந்தாலும் விடாதீர்கள்.

14. பூநாரைக் கூட்டம் இறங்கியிருக்கும்போது படம் எடுக்க ஆள் வரும். கிட்டே போய்க் கிளப்பிவிட்டுப் பறக்கிற படம் எடுப்பார்கள். தடுங்கள். அந்தப் பறவை தலையைக் கவிழ்த்து, அலகை மேல்கீழாக வைத்து, சேற்றைக் காலால் மிதித்துக் கிளறித் தின்னும். நாம் மிதிக்கிற அதே களி. நாளெல்லாம் தின்றால்தான் அதற்குக் கட்டுபடியாகும். ஒரு தடவை கிளப்பினால் ஒரு வேளைச் சாப்பாடு போகும்.

நான் சின்னப் பையனாக இருந்தபோது வேதாரண்யத்துப் பெரிய சதுப்பின் மேல் விடியற்காலையில் அவை கிடந்தது கரை தெரியாத இளஞ்சிவப்புக் கோடாக இருந்தது. இப்போது அந்தக் கோடு மெலிந்துவிட்டது. சதுப்புக்கு ஓதம் ஏறி இறங்கும் வழியை மண்போட்டு அடைத்து அளம் பெருக்கிய பெரிய ஆட்களுக்கு அதில் பங்குண்டு. எங்களைப் போன்ற சின்ன ஆட்களும் எங்கள் அளவுக்கு அடைத்தோம். கோடியக்கரை 1967-இலேயே சரணாலயம் ஆயிற்று. 2002-இல் உலகச் சதுப்பு நிலங்களுக்கான ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது, சதுப்பும் அலையாத்திக் காடும் சேர்த்து 38,500 ஹெக்டேர். பட்டியலில் சேர்ந்தால் மட்டும் ஓடை திறந்துவிடாது. உங்கள் ஐந்து ஏக்கரின் கிழக்கு ஓரத்தில் ஒரு பழைய வாய்க்கால் தூர்ந்து கிடக்கிறது. அதன் மேல் அளம் போட்டால் இன்னும் கால் ஏக்கர் கிடைக்கும் என்று உங்களுக்குக் குத்தகை பேசியவர் சொல்லியிருப்பார். வேண்டாம். தூரை வாரி அதைத் திறங்கள்.

15. நீங்கள் நிற்கிற மண்ணைப் பற்றி ஒரு சேதி. 1930 ஏப்ரல் 13-இல் ராஜாஜி திருச்சியிலிருந்து சுமார் 100 தொண்டர்களோடு கிளம்பி நடந்து வந்து, 30-ஆம் தேதி இதே அகஸ்தியம்பள்ளியில் உப்பு அள்ளிக் கைதானார். வழியில் அவர்களுக்குச் சோறு போட்டால் தண்டனை என்று தஞ்சாவூர் கலெக்டர் தண்டோராப் போட்டிருந்தார். ஜனங்கள் சோற்றை மரத்தில் கட்டித் தொங்கவிட்டார்கள். வேதாரண்யத்தில் வேதரத்தினம் பிள்ளை எல்லாருக்கும் இடம் கொடுத்தார். அந்த உப்புச் சத்தியாகிரகத்தின் நினைவு ஸ்தூபியைப் பார்த்திருப்பீர்கள், அது வெளியூர்க்காரர்கள் பார்க்க மட்டும் இருக்கட்டும் என்று விடாமல் ஒரு நாள் சாயங்காலம் அங்கே போய் உட்காருங்கள்.

16. ஒரு பருவம் மொத்தமும் போகும், அதற்கும் தயாராக இருங்கள். 2018 நவம்பர் 16 விடியுமுன் கஜா புயல் கரை ஏறியது. கடல் தன் அடிச்சேற்றை வாரிக்கொண்டு வந்து அளத்தில் போட்டது. என் பாத்திகளில் கெண்டைக்கால் அளவு கறுப்புச் சேறு. வரப்பு எது பாத்தி எது என்று தெரியவில்லை. அம்பாரம் கரைந்துபோன இடத்தில் கீற்று மட்டும் கிடந்தது. நான் அந்த வரப்பில் உட்கார்ந்து இனிமேல் முடியாது என்றே முடிவுசெய்துவிட்டேன். அப்போது அந்தப் புதுச் சேற்றில் எங்கிருந்தோ ஒரு நூறு உள்ளான் வந்து இறங்கி, தலையைத் தூக்காமல் கொத்தத் தொடங்கியது. எல்லாம் அழிந்தது என்று நான் நினைத்த சேற்றில் அவற்றுக்கு இரை இருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மண்வெட்டி எடுக்க வீட்டுக்குப் போனேன். அளம் பழையபடி ஆக இரண்டு வருடம் பிடித்தது. கையில் ஒரு பருவத்துச் செலவுக்குப் பணம் ஒதுக்கி வையுங்கள், கந்துவட்டிக்குப் போகாதீர்கள்.

17. தை அமாவாசை அன்று ஊரே கோடியக்கரையில் முழுக்குப் போடப் போகும். நீங்கள் மூழ்கிவிட்டு நேரே அளத்துக்கு வாருங்கள். அமாவாசை ஓதம் உயரமாக ஏறும், தேக்கத்துக்கு முதல் தண்ணீர் விட அதுதான் நேரம். மதகில் சின்னக் கண் வலை கட்டாதீர்கள், குஞ்சு மீன் உள்ளே வரட்டும். டிகிரிக் குழாயைத் துணியில் சுற்றி மாப்பிள்ளை பெண்சாதி எடுத்து வரட்டும், அவள் கைதான் நிதானம். நான் குடை பிடித்துக்கொண்டு மதகுக் கல்லில் உட்கார்ந்திருப்பேன். குழாயை மிதக்கவிட்டு எண்ணைச் சத்தமாகப் படித்துச் சொல்லுங்கள், எனக்குக் கண் தெரியாது. 3 என்று கேட்க வேண்டும்.